போன மின்சாரம் திரும்பும்போது

மின்சாரம் போய்விட்டால் நாம் எல்லோரும் முதலில் என்ன செய்கிறோம்? ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறோம். எதிர் வீட்டிலும் இருட்டுத்தான் என்று தெரிந்தால் மனசுக்கு ஒரு நிம்மதி. "அங்கேயும் இல்லை!" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு விசிறியைத் தேடப் போகிறோம். அரை மணி கழித்துப் பளிச்சென்று விளக்கு எரிந்ததும் குழந்தைகள் 'ஹே!' என்று கத்துகிறார்கள். நாமும் சிரித்துக்கொண்டே விட்ட காரியத்தைத் தொடர்கிறோம்.

குழந்தைகள் கத்துகிற அந்த இரண்டு வினாடி இருக்கிறதே, அப்போதுதான் கூடத்து மூலையில் உட்கார்ந்திருக்கும் விலை உயர்ந்த பாட்டுச் சாதனத்துக்குப் பிராண சங்கடம். மின்சாரம் போவதால் அது கெடுவது அபூர்வம். போன மின்சாரம் திரும்பி வருகிற தினுசிலேதான் கெடுகிறது.

இப்போதெல்லாம் நல்ல ஆம்ப்ளிபயரும், பெரிய ஸ்பீக்கர் ஜோடியும், ரிக்கார்டு பிளேயரும் வாங்கி வைப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பரணில் கிடந்த அப்பா காலத்து இசைத்தட்டுகள் மறுபடி கீழே இறங்கி வந்திருக்கின்றன. சந்தோஷமான விஷயம்தான். ஆனால் சாதனத்தை வாங்க ஆறு மாதம் யோசிப்பவர்கள், அதைச் சொருகுகிற சுவரைப் பற்றி ஆறு நிமிஷம்கூட யோசிப்பதில்லை. அதனால்தான் இந்த வாரம் சுவரைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

நம் வீட்டுக்கு வரவேண்டிய மின்சாரம் 230 வோல்ட். அப்படித்தான் சட்டம். ஆனால் தெருவில் மின்சாரம் நின்று மறுபடி வரும்போது நடப்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். நாற்பது வீட்டு ஏ.ஸி.க்கள், நாற்பது பிரிட்ஜ்கள், மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார்கள் எல்லாம் ஸ்விட்ச் போட்டபடியே காத்திருக்கின்றன. மின்சாரம் வந்ததும் அவ்வளவும் ஒரே மூச்சில் இழுக்கின்றன. கல்யாண வீட்டில் முதல் பந்திக்குக் கதவு திறந்த மாதிரிதான். வோல்டேஜ் தடாலென்று இறங்குகிறது. பிறகு ஒவ்வொன்றாக நிதானத்துக்கு வரும்போது மேலே துள்ளுகிறது. சில சமயம் வந்து, போய், மறுபடி வந்து, இரண்டு மூன்று தடவை கண்சிமிட்டிவிட்டுத்தான் நிலைக்கிறது. பெரிய ஆம்ப்ளிபயரின் வயிற்றில் கனமான டிரான்ஸ்பார்மர் ஒன்று இருக்கிறது. ஸ்விட்ச் போட்ட அந்த முதல் கணத்தில் அது சாதாரணமாக இழுப்பதைப்போல் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். அதையே பத்து வினாடிக்குள் மூன்று தடவை செய்யச் சொன்னால் அது என்ன பண்ணும், பாவம்!

இதற்கு மருந்து ஒரு காசு செலவில்லாதது. மின்சாரம் போனவுடன் விசிறியைத் தேடுவதற்கு முன்னால், பாட்டுச் சாதனத்தின் சுவர் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். ரிமோட்டில் அணைப்பது போதாது. அது அணைப்பதே அல்ல, தூங்க வைப்பதுதான். மின்சாரம் வந்து ஐந்து நிமிஷம் சாவகாசமாகக் கழியட்டும். பிறகு போடுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணி முதல் இரண்டு மணி வரை மின்சாரம் இராது என்று பத்திரிகையில் போடுகிறார்களே, அந்த நாட்களில் இது ரொம்பச் சுலபம். எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்லிவிட்டு வருகிற ஆபத்து இது ஒன்றுதானே! 2012-ல் சென்னையில் நாளுக்கு இரண்டு மணி நேரம், வெளியூர்களில் அதைவிட எத்தனையோ மணி நேரம் மின்வெட்டு இருந்த காலத்தில் இந்தப் பழக்கம் எல்லா வீட்டிலும் தானாக வந்திருந்தது. நிலைமை சீரானதும் பழக்கமும் போய்விட்டது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அடிக்கடி வராது, வந்தால் வீட்டையே துடைத்துவிட்டுப் போகும். 'நியூட்ரல் போயிடுச்சு' என்று எலெக்ட்ரீஷியன்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது என்னவென்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

தெருவில் மூன்று பேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரல் கம்பியும் வருகின்றன. உங்கள் வீட்டுக்கு ஒரு பேஸ், பக்கத்து வீட்டுக்கு இன்னொன்று, மாடி வீட்டுக்கு மூன்றாவது. நியூட்ரல் மட்டும் எல்லோருக்கும் பொது. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட். ஆனால் ஒரு பேஸுக்கும் இன்னொரு பேஸுக்கும் நடுவே 400 வோல்ட்! கூட்டுக் குடும்பத்தில் மூன்று ஓரகத்திகள், நடுவில் ஒரு மாமியார் என்று வைத்துக்கொள்ளுங்களேன். மாமியார் கரண்டியைப் பிடித்து மூன்று இலைக்கும் சமமாகப் பரிமாறிக் கொண்டிருக்கிற வரையில் சண்டையில்லை. அவர் திடீரென்று காசிக்குப் புறப்பட்டுவிட்டால்? அதிகமாகச் சாப்பிடுகிறவள் இலையில் குறைந்துபோய், கொஞ்சமாகச் சாப்பிடுகிறவள் இலையில் மலைபோல் குவிந்துவிடும்.

நியூட்ரல் கம்பி அறுந்தாலும், அதன் மூட்டு துருப்பிடித்துத் தளர்ந்தாலும் இதுதான் நடக்கிறது. பக்கத்து வீட்டில் ஏ.ஸி.யும் கீஸரும் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே வோல்டேஜ் இறங்கிவிடும். உங்கள் வீட்டில் ஒரு விளக்கும், மெல்லிய வால்யூமில் ஒரு பாட்டும்தான். அங்கே 300, 350 என்று ஏறி, 400-ஐக்கூட நெருங்கிவிடும். சிக்கனமாக இருக்கிற வீட்டைத்தான் இது அடிக்கிறது என்பது எனக்கு ரொம்ப நாளாகவே வருத்தம். மூன்று பேஸும் ஒரே வீட்டுக்கு வருகிற பெரிய வீடுகளிலும் இதே கதைதான், கூடத்து டி.வி.யும் சமையலறை மிக்ஸியும் தனித்தனி ஓரகத்திகள்.

அடையாளம் சொல்கிறேன், மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அறை விளக்கு வழக்கத்துக்கு மாறாகப் பிரகாசமாக எரிந்து, வேறொரு அறையிலோ அடுத்த வீட்டிலோ மங்கினால், மின்விசிறி திடீரென்று வெறி பிடித்ததுபோல் சுற்றினால், பாட்டுச் சாதனத்திடம் ஓடாதீர்கள். நேரே மெயின் ஸ்விட்சிடம் ஓடி அதை அணையுங்கள். அக்கம்பக்கத்து வீட்டுக்கும் குரல் கொடுங்கள். பிறகு மின்வாரியத்துக்குச் சொல்லலாம். 2021-ல் தொடங்கிய 'மின்னகம்' புகார் மையம் இரவிலும் டெலிபோனை எடுக்கிறது. லைன்மேன் வந்து பார்க்கும் வரை மெயினைத் தொடவேண்டாம்.

'இதற்கெல்லாம்தான் கடையில் பெட்டி விற்கிறார்களே!' என்கிறீர்களா? விற்கிறார்கள். ரிச்சி தெருவில் ஒரு நடை நடந்தால் பத்து விதப் பெட்டி பார்க்கலாம். எது எதற்கு என்று தெரிந்துகொண்டு போனால் பர்ஸ் தப்பும்.

'ஸ்பைக் பஸ்டர்' என்று நாலு பிளக் சொருகுகிற நீளப் பலகை ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒரு ரூபாய் நாணயம் மாதிரி சின்ன வில்லை. வோல்டேஜ் கண நேரத்துக்குப் பாய்ந்து வந்தால் அந்த வில்லை அதைத் தன் மேல் வாங்கிக்கொள்கிறது. ஒவ்வொரு அடிக்கும் அது கொஞ்சம் தேய்கிறது. ஐந்தாறு வருஷம் ஆன பலகையில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள்; பல பலகைகளில் மின்சாரம் இருக்கிறது என்பதைத்தான் அந்த விளக்கு சொல்லும், வில்லை உயிரோடு இருக்கிறதா என்பதை அல்ல. அது மட்டுமில்லை. நியூட்ரல் போய் 350 வோல்ட் நின்று நிதானமாக வரும்போது இந்த வில்லை தாங்காது, சூடேறிக் கருகிவிடும். ஆகவே இது கண நேரத்துப் பகைவனுக்கு மட்டும்.

ஸ்டெபிலைசர் என்பது வேறு சமாசாரம். சாதாரண ஸ்டெபிலைசர் 'டிக், டிக்' என்று படி மாற்றி வோல்டேஜை ஏற்றி இறக்குகிறது. பிரிட்ஜுக்கு அது போதும். பாட்டுக் கேட்கும்போது ஒவ்வொரு 'டிக்'கும் ஸ்பீக்கரில் 'டப்' என்று கேட்டால் ஆலாபனை எப்படி ருசிக்கும்? ஸர்வோ ஸ்டெபிலைசர் என்று ஒன்று உண்டு. உள்ளே சிறு மோட்டார் ஒன்று சத்தமில்லாமல் நகர்ந்து வோல்டேஜைச் சீராக்குகிறது. நல்லதுதான்; ஆனால் அதை ரிக்கார்டு பிளேயர் பக்கத்தில் வைக்காதீர்கள். அதன் காந்தம் இசைத்தட்டு ஊசியின் வழியாக உள்ளே புகுந்து முனகும். வாங்குவதற்கு முன் சாதனத்தின் முதுகைத் திருப்பி ஒரு தடவை படியுங்கள். '100–240' என்று அச்சிட்டிருந்தால் லோ வோல்டேஜ் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. ஸ்டெபிலைசர் தண்டச் செலவு.

இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் அது 'ஸைன் வேவ்' வகையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மலிவான 'ஸ்கொயர் வேவ்' இன்வெர்ட்டரில் மின்விசிறியே உறுமும். ஆம்ப்ளிபயர் சும்மா இருக்குமா?

இத்தனையிலும் நான் முதலில் வாங்கச் சொல்வது இவை எதுவும் இல்லை. வோல்டேஜ் அளவுக்கு மேல் ஏறினாலோ, ரொம்ப இறங்கினாலோ பட்டென்று துண்டித்துவிட்டு, சீரான பிறகு இரண்டு மூன்று நிமிஷம் காத்திருந்து தானே சேர்த்துவிடும் சின்னக் கருவி ஒன்று உண்டு. 'வோல்டேஜ் புரொடெக்டர்' என்று கேட்டால் கொடுப்பார்கள். எம்.சி.பி. பக்கத்திலேயே மெயின் போர்டில் பொருத்திவிடலாம். பார்க்க ஒரு லட்சணமும் கிடையாது. விருந்தாளிகளிடம் காட்டிப் பெருமையடிக்க முடியாது. ஆனால் நியூட்ரல் போகிற நாளில் வீட்டைக் காப்பது அதுதான். நாம் வீட்டில் இல்லாதபோதும், தூங்கும்போதும், ஓடிப்போய் ஸ்விட்சை அணைக்க முடியாத பாட்டிக்காகவும் அது விழித்திருக்கிறது.

தங்க முலாம் பூசிய பிளக்கோடு பாம்பு மாதிரி தடியாக ஒரு பவர் ஒயர் விற்கிறார்கள், தெரியுமோ? அதன் விலையில் ஒரு பிரிட்ஜ் வாங்கலாம். நெய்வேலியிலிருந்து அத்தனை தூரம் வெயிலிலும் மழையிலும் சாதாரணக் கம்பியில் வந்த மின்சாரம், கடைசி ஐந்தடியில் தங்கத்தைப் பார்த்ததும் திருந்திவிடும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. வீட்டுக்காரர் வாங்கியே தீருவேன் என்றால், முதலில் மெயின் போர்டுக்கு ஆன செலவு ரசீதைக் காட்டச் சொல்லுங்கள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் பேனாவை எடுத்ததற்கே காரணம்.

புதிய சாதனம் வந்து, எல்லா ஒயர்களையும் இணைத்து, பாட்டுப் போடுவதற்கு முன்பே ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்கும். பல வீடுகளில் இது உண்டு. நம் மின்சாரம் வினாடிக்கு 50 தடவை ஊசலாடுகிறது அல்லவா, அந்த ஊசலாட்டத்தின் குரல் அது. சுருதி ஞானம் உள்ளவர்கள் கவனித்துப் பாருங்கள்: கிட்டத்தட்ட ஐந்து கட்டை, கீழே மந்தரத்துக்கும் மந்தரத்தில், ஒரு பொட்டு தூக்கலாக. பாடுகிறவர் ஐந்து கட்டையில் பாடினால் சுருதி சேராத தம்பூராவைப் பக்கத்தில் வைத்த கதைதான்.

திருவல்லிக்கேணியில் எனக்குத் தெரிந்த ஒரு டீச்சரம்மா இருக்கிறார். ரிடையர் ஆனபோது வந்த பணத்தில், மாலியின் புல்லாங்குழலை இத்தனை வருஷம் கழித்தாவது ஒழுங்காகக் கேட்கவேண்டும் என்று நல்ல ஆம்ப்ளிபயராகப் பார்த்து வாங்கினார். முனகல் வந்தது. கடைப் பையனைக் கூப்பிட்டார். அவன் வந்து பார்த்து, "எர்த்தால்தான் அம்மா" என்று சொல்லி, பிளக்கின் பெரிய பின்னைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் போனான். முனகல் நின்றது. டீச்சரம்மாவுக்குப் பரம சந்தோஷம். பையனுக்குக் காப்பியும் கொடுத்து அனுப்பினார்.

பத்து நாள் கழித்து வீட்டு வேலை செய்கிற பெண், தரையைத் துடைத்த ஈரக் காலோடு, ஈரத் துணியால் அந்தப் பெட்டியின் மேல் தூசியைத் துடைத்தாள். 'சுருக்'கென்று இழுத்துக் கையை உதறிக்கொண்டு பின்னால் போய் விழுந்தாள். நல்ல வேளை, அடி படவில்லை. "எறும்பு கடிச்ச மாதிரி இருந்ததும்மா" என்று சொல்லிச் சிரித்தாளாம். டீச்சரம்மா சிரிக்கவில்லை.

நடந்தது இதுதான். இம்மாதிரிச் சாதனங்களில் மின்சாரத்தை வடிகட்டுகிற சிறு பாகங்கள் உண்டு. அவற்றின் வழியாக எப்போதும் ஒரு துளி மின்சாரம் இரும்பு உடலுக்குக் கசிந்து, பச்சைக் கம்பி வழியாகப் பூமிக்குப் போய்விடும். பச்சைக் கம்பியை அறுத்துவிட்டால் அந்தத் துளி உடம்பிலேயே காத்துக்கொண்டிருக்கும். அன்று அந்தப் பெண்ணைத் தொட்டது துளி. உள்ளே ஒரு ஒயர் தோலுரிந்து உடலில் பட்டிருந்தால் தொட்டிருப்பது முழு 230 வோல்ட். ஈரக் கால், ஈரக் கை. அதற்கு மேல் எழுத எனக்கு இஷ்டமில்லை.

மூன்று பின் பிளக்கில் அந்த மேல் பின் மட்டும் ஏன் நீளமாக இருக்கிறது என்று யோசித்ததுண்டா? சொருகும்போது முதலில் அது தொடவேண்டும், பிடுங்கும்போது கடைசியில் அது விலகவேண்டும் என்பதற்காகத்தான்.

அப்படியானால் முனகலுக்கு என்ன வழி? முனகலுக்குக் காரணம் எர்த் இருப்பதல்ல. எர்த்துக்கு இரண்டு வழி இருப்பது. ஒன்று பிளக் வழியாக. இன்னொன்று பெரும்பாலும் கேபிள் டி.வி. ஒயர் வழியாக, டி.வி.யைத் தொட்டுக்கொண்டு, ஆம்ப்ளிபயருக்குள். இரண்டு வழிக்கும் இடையே சின்ன மின்சாரம் சுற்றிச் சுற்றி வந்து பாடுகிறது. டி.வி.யிலிருந்து கேபிள் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். முனகல் நின்றால் திருடன் அகப்பட்டான். அந்த ஒயரில் பொருத்த 'ஐஸொலேட்டர்' என்று சிறு இணைப்பு கிடைக்கிறது. அல்லது டி.வி.க்கும் ஆம்ப்ளிபயருக்கும் நடுவே 'ஆப்டிகல்' ஒயர் போட்டுவிடுங்கள். அதில் ஓடுவது வெளிச்சம், மின்சாரம் அல்ல. டி.வி., ஆம்ப்ளிபயர், பிளேயர் மூன்றையும் ஒரே பலகையில் சொருகினாலும் பாதி முனகல் குறையும். டீச்சரம்மா வீட்டில் கேபிள் ஒயர்தான் குற்றவாளி. புது பிளக் மாட்டி, பின்னும் திரும்பி வந்தது. மாலியும் தெளிவாக வாசிக்கிறார்.

(கம்பெனியிலிருந்தே இரண்டு பின் பிளக்கோடு வருகிற சாதனங்களும் உண்டு. முதுகில் சதுரத்துக்குள் சதுரம் போட்டிருக்கும். அவற்றுக்கு எர்த் தேவையில்லை, கவலைப்படாதீர்கள்.)

பின் இருந்தால் மட்டும் போதுமா? சுவருக்குள் பச்சைக் கம்பி உண்மையிலேயே இருக்கவேண்டுமே! மலிவான எக்ஸ்டென்ஷன் பெட்டிகளில் மூன்று ஓட்டை இருக்கும், உள்ளே இரண்டே ஒயர்தான் இருக்கும். எலெக்ட்ரீஷியன் வருகிற அன்று மல்டிமீட்டரோடு வரச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் எத்தனை வோல்ட் காட்டுகிறதோ, ஏறக்குறைய அத்தனையே பேஸுக்கும் எர்த்துக்கும் காட்டவேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட் இருக்கலாம். இருபது முப்பது என்றால் ஏதோ சரியில்லை. ஆர்.சி.சி.பி. என்ற கசிவுத் தடுப்பான் மெயின் போர்டில் இல்லையென்றால் அன்றைக்கே போட்டுவிடச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும்.

பழைய தனி வீடுகளில் கொல்லைப்புறத்தில் ஒரு எர்த் குழி இருக்கும். கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கி மூடியிருப்பார்கள். கோடையில் மண் காய்ந்தால் எர்த்தும் பலவீனமாகிவிடும். துளசிக்கு ஊற்றும்போது அங்கேயும் அரைக் குடம் தண்ணீர் ஊற்றுங்கள். அடுக்குமாடி வீடுகளில் எல்லோருக்கும் பொதுவான குழி எங்கோ கார் நிறுத்துமிடத்தில் இருக்கும். அழகுக்காக அதன் மேல் டைல்ஸ் போட்டு மறைத்துவிட்டவர்களும் உண்டு. அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். பெயின்ட் நிறத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறார்களே, இதற்கு ஐந்து நிமிஷம் தரக்கூடாதா?

இடி, மின்னல் சமாசாரம் சுருக்கமாக. எந்தப் பெட்டியும் நேரே விழுகிற இடியைத் தாங்காது. வானம் கறுக்கும்போதே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்; கேபிள் ஒயரையும், இன்டர்நெட் ஒயரையும் சேர்த்து. தலைக்கு மேல் இடிக்க ஆரம்பித்த பிறகு ஒயர் பக்கமே போகவேண்டாம், சாதனம் போனால் போகட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்: தண்ணீர் ஏறிய பிளக் பாயின்டையும், நனைந்த சாதனத்தையும் எலெக்ட்ரீஷியன் பார்க்காமல் போடக்கூடாது. வெளியே உலர்ந்துவிட்டது என்பதை நம்பவே நம்பாதீர்கள்.

கடைசியாக, பிள்ளை அமெரிக்காவிலிருந்து ரிக்கார்டு பிளேயர் கொண்டுவருகிறான் என்று காத்திருப்பவர்களுக்கு. அந்த ஊர் மின்சாரம் 120 வோல்ட். நேரே நம் சுவரில் சொருகினால் புகைதான். வோல்டேஜைக் குறைக்க டிரான்ஸ்பார்மர் வாங்கலாம். ஆனால் அங்கே வினாடிக்கு 60 ஊசலாட்டம், இங்கே 50. இதை டிரான்ஸ்பார்மர் மாற்றாது. அடாப்டரில் ஓடுகிற புதிய மாடல்களுக்குக் கவலையில்லை. மின்சாரத்தின் ஊசலைப் பார்த்துச் சுற்றுகிற பழைய மோட்டாராக இருந்தால், நிமிஷத்துக்கு 33⅓ சுற்றுச் சுற்றவேண்டிய தட்டு 28-கூடச் சுற்றாது. ஐந்து கட்டையில் பாடுகிற எம்.எஸ். மூன்று கட்டைக்கு இறங்கி, கச்சேரி முழுவதையும் விளம்ப காலத்தில் பாடுவார். புறப்படுவதற்கு முன்பே பிள்ளைக்கு எழுதி, 50-க்கு ஏற்ற சக்கரம் அந்தக் கம்பெனியில் கிடைக்குமா என்று விசாரித்து, அதையும் பெட்டியிலேயே வைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள்.